கையை இறக்கு

ஜனவரி 11

அக்காவுக்கு,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபாலை என்ன செய்வாய் என்று பார்க்கிறேன். கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும்.

என் மகளை அனுப்பு.

பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் அவள் அறையில் பையும் இல்லை, பாக்ஸிங் கிளவுஸும் இல்லை. என் பெண்டாட்டி அடுப்பைப் பார்த்தபடியே, அண்ணி வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்கிறாள், ஏதோ பேப்பர்காரன் வந்துபோன மாதிரி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அலமாரிக் கதவு இப்போது கீல் இல்லாமல் சுவரில் சாய்ந்திருக்கிறது. அவள் மேல் கை வைக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையும் என் கணக்கில் சேர்த்துவிடுவாய்.

அப்படி என்ன நடந்துவிட்டது? போட்டியில் தோற்றாள். தோற்றதுகூடப் பரவாயில்லை. இரண்டாவது ரவுண்டில் ஒரு குத்து வாங்கியதும் மரம் மாதிரி நின்றுவிட்டாள். எதிரில் இருந்தவள் சாவகாசமாக வந்து வந்து போடுகிறாள். நான் மூலையிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன், கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று. தூக்கினால்தானே. மண்டபமே சிரித்தது. அதற்காக உடை மாற்றும் அறையில் நாலு போட்டேன். போட்டேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. நீயும் கதவைத் திறந்து பார்த்தாய், ஒரு வார்த்தை பேசாமல் போனாய். அப்போது வாயை மூடிக்கொண்டு போனவள், நான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத் திருட்டுத்தனமாக வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறாய்.

அப்பா நம்மை அடிக்கவில்லையா? நாம் என்ன கெட்டா போய்விட்டோம்? நீ மெடல் வாங்கவில்லையா? இன்றைக்கு உன் ஊரில் பாக்ஸிங் கூடம் வைத்து நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய் என்றால் அது யார் போட்ட அடி? நான் நசுங்கின கார் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன். தடவிக் கொடுத்தால் எந்தத் தகரமும் நிமிராது.

செப்டம்பரில் அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுப் போட்டி. அதற்குள் அவளைத் தேற்றி நிறுத்த என்னால்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் வரவில்லை என்றால் நான் அங்கே வருவேன். வந்தால் நன்றாக இருக்காது.

உன் தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். நேரில் பேசினால் பாதியில் கத்துவாய், நான் எழுந்து போய்விடுவேன். காகிதத்தில் உன்னால் குறுக்கே விழ முடியாது என்பதால் எனக்கும் இதுவே வசதி.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். அவளுக்குத் தாடை எலும்பில் விரிசல். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கரைத்த சாப்பாட்டை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறாள். இந்த அடி ரிங்கில் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவளிடம் பேனாவைக் கொடுத்தார். அவள் எழுதிக் காட்டியது இரண்டே சொல்: என் தப்பு.

போட்டி என்றாலே முந்தின நாளிலிருந்து அவளுக்கு எதுவும் வயிற்றில் தங்குவதில்லை என்பது உனக்குத் தெரியுமா? குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பாளாம், சத்தம் உன் காதில் விழக் கூடாது என்று. உன் பெண்டாட்டிதான் சொன்னாள். நான் பெண்ணைக் கடத்தவில்லை. அவள் அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள், நான் வந்தேன்.

நாம் கெட்டா போய்விட்டோம் என்று கேட்கிறாய். கெட்டுத்தான் போனோம். நீ இருக்கிற லட்சணத்தைப் பார். நானும் ஒன்றும் பெரிய ஒழுங்கில்லை. எதிரில் யாராவது வேகமாகக் கையை அசைத்தால் இந்த வயதிலும் எனக்குத் தோள் தூக்கிக்கொள்ளும். மெடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கூடவே வந்து தொலைத்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்ததும் நான் ஏன் பேசாமல் போனேன் என்றால், நீ ஈரத் துண்டை முறுக்கிப் பிடித்திருந்த விதம் அப்படியே அப்பா. கதவைச் சாத்திவிட்டு நடந்துவிட்டேன். அதற்காக என்னை நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், உன் உதவி தேவையில்லை.

தாடை கூடும்வரை அவளுக்கு ஒரே வேலை. என் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்தவள் "அடுத்தது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். ஆட்டம் நிற்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது இவள் ஓரமாக உட்கார்ந்து கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. யாராவது தடுமாறினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள், அடி விழும் சத்தத்துக்குக் காத்திருக்கிறவள் மாதிரி.

தகரத்துக்கு வலிக்காது, தம்பி. வராதே. நன்றாக இருக்காது என்று நீ சொன்னது சரிதான்.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாகத்தான் இருக்கும். வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தையல். உன் கூடத்துக் கண்ணாடிக் கதவுக்குள் என் கை போனதே எனக்கு ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டால் மனிதன் என்ன செய்வான்? தட்டினேன், கூப்பிட்டேன், நீ உள்ளேயிருந்து கல் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

தரை துடைக்கிற கட்டையால் என் முதுகில் போட்டாயே, அது இன்னும் வலிக்கிறது. தப்பு செய்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கைதட்டல், தம்பிக்கு மட்டும் கட்டையா? உன் வழக்கம் நன்றாக இருக்கிறது. பட்டறையில் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். தப்புக்குக் கைதட்டினால் அந்தப் பிள்ளைகள் தப்பு செய்யத்தான் கற்றுக்கொள்ளும்.

நான் அவளை அடிக்க வரவில்லை. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். அவளுக்கு அது தெரியாதா?

ரிங் மேடையைச் சுற்றித் தொங்குகிற நீலத் துணி ஒரு பக்கம் விலகியிருந்தது. உள்ளே ஒரு கால். வெள்ளை சாக்ஸ். உன் ஆட்கள் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போகும்போதுதான் பார்த்தேன். என் உயரத்துக்கு வளர்ந்த பெண், மேடைக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் படுத்திருக்கிறாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அந்தக் கால் உள்ளே போய்விட்டது.

ஏன் அங்கே போனாள் என்று அவளிடம் கேட்டு எழுது. நீ போகச் சொன்னாயா? நீதான் சொல்லியிருப்பாய்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

நான் போகச் சொல்லவில்லை. இதற்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது. நடுவில் நீ போட்ட கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இப்போது எழுதுவது உன்னைச் சமாதானப்படுத்த அல்ல. ஒன்றைத் தெரிந்துகொண்டேன், அது உனக்கும் தெரிய வேண்டும்.

தாடை கூடிவிட்டது. டாக்டர் சரி என்ற பிறகு மெதுவாகப் பயிற்சியில் இறக்கினேன். இப்போதெல்லாம் கைதட்டுகிறாள். ஆனால் "அடுத்தது" என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவே வரவில்லை. போன வாரம் அவளையும் எங்கள் சுண்டெலியையும் ஜோடி சேர்த்தேன். சுண்டெலி என்பது எங்கள் கூடத்திலேயே சின்னவள், பன்னிரண்டு வயது, ஓயாமல் பேசுவாள். உன் மகள் உள்ளங்கையில் மாட்டுகிற மெத்தைப் பேட் பிடிக்க வேண்டும், சுண்டெலி அதில் குத்த வேண்டும். சுண்டெலி ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தாள். சிரித்துக்கொண்டே "அடுத்தது" என்றாள். நான் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன்.

சத்தம் கேட்டுப் பார்த்தால் சுண்டெலி தரையில். உன் மகள் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து பேடாலேயே முகத்தில் அறைகிறாள். ஓங்கி ஓங்கி அறைகிறாள். குழந்தையின் மூக்கிலிருந்து ரத்தம் காதுவரை வழிந்திருக்கிறது. "அழுதா இன்னொண்ணு. அழுதா இன்னொண்ணு." வாய் அவளுடையது, குரல் உன்னுடையது, அதற்கு முன்னால் நம் அப்பாவுடையது. இரண்டு பேர் சேர்ந்துதான் இழுக்க முடிந்தது.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. யாரிடம் சொல்லிக்கொள்வது, இத்தனை வருடமாக ஒரு பிள்ளை மேலும் படாத என் கை ஓங்கிவிட்டது. அவள் விலகவில்லை. தடுக்கவில்லை. இரண்டு கையையும் இறக்கி முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு முகத்தை எனக்குத் தூக்கிக் கொடுத்தாள். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. என் கை அந்தரத்திலேயே நின்றது.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கேட்டேன். அவள் சொன்னது இது:

"கை தானா மேல வந்துடும் அத்தை, பாக்ஸர் இல்லையா. அப்பா அடி கிளவுஸ்ல பட்டா அவருக்கு இன்னும் கோவம் வரும். அதான் மொதல்ல 'கையை இறக்கு'ம்பாரு. இறக்கினா ஒண்ணோட போயிடும்."

இப்போது யோசித்துப் பார். ஒன்பது வயதிலிருந்து அவள் ஒரு தப்பு செய்வாள், நீ குரல் கொடுப்பாய், அவள் கையை இறக்குவாள். வேறு எந்தப் பயிற்சியையும் நீ இவ்வளவு ஒழுங்காக, நாள் தவறாமல் கொடுத்ததில்லை. இரண்டாவது ரவுண்டில் மரம் மாதிரி நின்றாள் என்று எழுதினாயே, அவள் உனக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தாள். தாடையை உடைத்தவள் எதிரில் நின்ற பெண். உடைக்கக் கொடுத்தது நீ.

சுண்டெலியின் மூக்கு பிழைத்தது. அவள் அம்மா காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மற்ற பெற்றோர் உன் மகளைக் கூடத்திலிருந்து அனுப்பிவிடச் சொல்கிறார்கள். அனுப்ப மாட்டேன்.

அக்கா


ஜூன் 20

பொய். என் மகளை எனக்கு எதிராகத் திருப்ப உனக்குக் கிடைத்த கதை இது. இனிமேல் எழுதாதே.


ஜூலை 2

அக்காவுக்கு,

எழுதாதே என்று சொன்னவன் நானே எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

அவள் ஆடிய போட்டிகளையெல்லாம் அவள் அம்மா போனில் எடுத்து வைத்திருக்கிறாள். உன் பொய்யை நிரூபிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் எப்போதும் என் பின்னால் நின்றுதான் எடுப்பாள், அதனால் எல்லாவற்றையும் விட என் குரல்தான் சத்தமாக இருக்கிறது. மண்டபத்தில் என் குரலை நான் இப்படிக் கேட்டதே இல்லை. முதலில் இவன் யாரடா என்றுதான் தோன்றியது.

ஜனவரிப் போட்டியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். குத்து விழுகிறது. தடுமாறுகிறாள், ஆனால் கை தாடையில்தான் இருக்கிறது. நன்றாகத்தான் நிற்கிறாள். அப்புறம் என் குரல் வருகிறது. கையைத் தூக்கு என்றுதான் கத்துகிறேன், ஆனால் அவள் வார்த்தையைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்கிறாள். இரண்டு கையும் இறங்குகிறது. முகம் என் பக்கம் திரும்புகிறது. அடுத்த குத்தில் தாடை போகிறது. பழைய வீடியோக்களிலும் அதேதான். நான் தும்மி, குரல் கொடுக்கத் தாமதமான ஒரே ஒரு போட்டியில் கை இறங்கவில்லை.

இதை அவள் அம்மாவுக்குக் காட்டினேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். சொன்னால் நான் சும்மா இருந்திருப்பேனா என்று கேட்டாள். எழுந்து பட்டறைக்குப் போனேன், ஒரு வேனின் பக்கவாட்டைத் தட்டுகிறேன் தட்டுகிறேன், நிமிர்கிற இடம் தாண்டி மறுபக்கம் புடைத்துக்கொண்டது. வண்டிக்காரன் என்னைக் கண்டபடி ஏசினான். ஏசட்டும்.

மன்னிப்பு என்றெல்லாம் எனக்கு எழுத வராது. என்ன செய்ய வேண்டும், சொல். செய்கிறேன்.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஒரு யோசனை சொன்னாள். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பதினெட்டு முடிந்துவிட்டது, தன் உடம்பு, தன் முடிவு என்கிறாள்.

இந்த ஒரு மாதமாக, உன் கடிதம் வரும் முன்பிருந்தே, நாங்கள் செய்வது இதுதான். ரிங்கில் அவள் தப்பு செய்யும்போதெல்லாம் நான் கையை ஓங்கிக்கொண்டு போய், "கையை இறக்கு" என்பேன். முதலில் ஒவ்வொரு தடவையும் இறங்கியது. ஆத்திரத்தில் தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். இப்போது எனக்கு இறங்குவதில்லை. "நீங்க சொன்னா தைரியமா இருக்கு அத்தை. அவர் சொன்னா இருக்குமான்னு தெரியலை. தெரியாம செப்டம்பர்ல நான் ரிங்ல ஏற மாட்டேன்" என்கிறாள்.

அவள் யோசனை இது: நீ வர வேண்டும். ரிங்குக்குள் வந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், அடிக்கவும் வேண்டும். நடிக்கக் கூடாதாம். நடித்தால் கண்டுபிடித்துவிடுவாளாம், உன் அடியில் எது நிஜம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

நான் கயிற்றுக்கு வெளியே நிற்பேன். தரை துடைக்கிற அந்தக் கட்டையும் என் கையில் இருக்கும். வாய்க்குப் பல்காப்பு வாங்கிக்கொண்டு வா. கிண்டலாகச் சொல்லவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

நீ வெளியே நின்று என் முதுகைத்தான் பார்த்தாய். என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று எழுதிவிடுகிறேன்.

உன் கூடத்துக் கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் ரிங்கில் ஏறினேன். அவள் எதிரில் கிளவுஸோடு நிற்கிறாள், மகளாகவே தெரியவில்லை. "கையை இறக்கு" என்றேன். இறங்கியது. அந்த வேகத்தை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்கு எப்போதும் கண் அவள் கன்னத்தில் இருக்கும், கையை யார் பார்த்தார்கள்? லேசாகத் தட்டினேன்.

"நடிக்காதீங்கப்பா" என்றாள்.

இரண்டாவது தடவை நிஜமாகவே அடித்தேன். அடித்தது மட்டும் இல்லை, அந்த ஒரு நொடி எனக்கு அது பழகின வேலையாக, சுலபமாக இருந்தது. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உதடு கிழிந்து ரத்தம் பனியனில் சொட்டியது. நீ கயிற்றுக்குள் பாதி வந்துவிட்டாய், அவள் முழங்கையால் உன்னைத் தள்ளினாள். அதுவரை கேட்காத ஒரு குரலில், "இன்னொரு தடவை" என்றாள்.

மூன்றாவது தடவை அவள் கை நடுங்கியது. குளிரில் நடுங்குகிற மாதிரி, தாடைக்குப் பக்கத்தில். இறங்கவில்லை. என் அறை கிளவுஸில் பட்டுச் சறுக்கியது. "அடுத்தது" என்றாள். அதன் பிறகு அவள் வலது கை வந்ததை நான் பார்க்கவில்லை. மூக்கு உடைந்த சத்தம் தலைக்குள்ளிருந்து கேட்டது. விலாவில் ஒன்று, மறுபடி முகத்தில், மறுபடி விலாவில். மூச்சே இல்லை. முட்டி போட்டுவிட்டேன், அப்போதும் அவள் நிறுத்தவில்லை. நீ உள்ளே வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாய்.

நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை என்று நீ பிறகு சொன்னாய், ஏதோ மகளுக்காக வாங்கிக்கொண்டேன் என்கிற மாதிரி. அப்படியெல்லாம் இல்லை. தூக்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. கீழே பார்த்தேன், இரண்டும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மூக்கு இனி நேராகாதாம். பரவாயில்லை, முன்பும் அப்படி ஒன்றும் அழகில்லை.

தம்பி


செப்டம்பர் 22

தம்பிக்கு,

தோற்றுவிட்டாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புள்ளிக் கணக்கில், ஒரு நடுவரின் முடிவில் போய்விட்டது. தேர்வாகவில்லை.

போட்டிக்கு முன் வாந்தி எடுத்தாள். பயம் போகாது, அதுபாட்டுக்கு இருக்கட்டும், நீ உன் வேலையைப் பார் என்று சொல்லியிருந்தேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டு நேரே ரிங்குக்குப் போனாள். எதிரில் வந்தவள் ஒரு தலை உயரம், ஈவு இரக்கம் இல்லாதவள். இரண்டாவது ரவுண்டில் இவள் முந்திக்கொண்டு போய் முகத்தைத் திறந்து கொடுத்துவிட்டாள், சுத்தமான தப்பு. கண் புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அவள் கை நடுங்கியது, தம்பி. மேலேயே நடுங்கியது. பல்காப்புக்குள்ளிருந்து "அடுத்தது" என்று அவள் சொன்னது மூலையில் நின்ற எனக்குக் கேட்டது. அந்த ரவுண்டின் மீதி முழுக்க அவள்தான் அடித்தாள். எதிராளியின் வாயெல்லாம் ரத்தம். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் புருவத்துக்குத் தையல் போடும்போது, தோற்றதை உன்னிடம் தானே சொல்வதாகச் சொன்னாள். என் போனில் உன் எண்ணுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். அவளுக்கு வீட்டுக்கு வர ஆசை இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது. முடிவை அவளிடமே விட்டுவிட்டேன். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வாள்.

போனை எடு. திட்டுவதாக இருந்தால் அப்புறம் என்னைக் கூப்பிட்டுத் திட்டு.

அக்கா


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

கூப்பிட்டாள். பட்டறையில் தனியாக இருந்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"அப்பா, தோத்துட்டேன்" என்றாள்.

எனக்கு ஏற்கெனவே தெரியும், உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. கோபம் துளிகூட இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே யோசித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இடது கையில் போனைப் பிடித்திருந்தேன். என் வலது கை எழுந்துவிட்டது. காது உயரத்துக்கு எழுந்து, விரலெல்லாம் சேர்ந்து, அப்படியே நின்றது. எதிரில் யாரும் இல்லை, கழற்றிச் சாய்த்து வைத்த ஒரு கார் கதவுதான் இருந்தது. கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், இறக்க முடியவில்லை. கோபம் வந்து எழுந்திருந்தால்கூட நான் இப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

அந்தப் பக்கம் அவள் மூச்சுச் சத்தமே இல்லை. என் கை மேலே இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புருவம் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நன்றாக ஆடினாய் என்று அத்தை எழுதியிருக்கிறாள் என்றேன். கொஞ்சம் அழுதாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டாள், "அப்பா, வீட்டுக்கு வரட்டுமா?"

அத்தையிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவள் அம்மாவை வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏற்றி விடுகிறேன். அங்கேயே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். வீட்டுக்கு ஏன் வர வேண்டாம் என்பதற்கு மகளிடம் ஏதாவது காரணம் நீயே சொல்லிக்கொள். எனக்குச் சொல்ல வராது, என் குரலைக் கேட்டால் நான் மாறிவிட்டேன் என்று நம்பிக் கிளம்பி வந்துவிடுவாள்.

நான் இருக்கிற வீட்டுக்கு அவளை அனுப்பாதே, அக்கா.

தம்பி